“நான் ருமேனியன் அல்லன், அர்மன்”: யார் இந்த அரோமானியர்?

#1 கடலோடி_நாகை

வணக்கம். சரக்குக் கப்பலில் இரண்டாம் பொறியாளராக இருக்கிறேன். போன மாதம் கோதுமை ஏற்றுவதற்காக ருமேனியாவின் கொன்ஸ்டன்ட்சா துறைமுகத்தில் ஆறு நாள் நின்றோம். பல்வலி தாங்காமல் ஊருக்குள் மருத்துவரிடம் போகவேண்டி வந்தது. முகவர் அனுப்பிய வேனின் ஓட்டுநருக்கு ஐம்பது வயது இருக்கும், நல்ல பேச்சுக்காரர். “நீங்கள் ருமேனியர்கள்...” என்று ஏதோ கேட்க ஆரம்பித்தேன். இடைமறித்து, “நான் ருமேனியன் அல்லன், அர்மன்” என்றார். பக்கத்தில் இருந்த முகவர் அலுவலக இளைஞர் சிரித்துவிட்டு, “இவர் எங்களைவிடப் பெரிய ருமேனியர், சும்மா சொல்கிறார்” என்றார். ஓட்டுநர் சிரிக்கவில்லை. அதன் பிறகு மருத்துவமனை வரும் வரை வேனில் யாரும் பேசவில்லை.

கப்பலுக்குத் திரும்பித் தேடினால் ‘அரோமானியர்’ என்று வருகிறது. ஓரிடத்தில் தனி இனம், ஓரிடத்தில் ருமேனியரின் கிளை, இன்னோரிடத்தில் கிரேக்கர் என்கிறார்கள். அந்த இருவரில் யார் சொன்னது சரி? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 சுண்டல்_பொட்டலம்

ஐரோப்பா முழுக்க வண்டி கட்டித் திரிந்த ரோமா மக்கள்தானே? நம் நாட்டிலிருந்து போனவர்கள் என்பார்களே, அவர்கள்தானே?

#3 வேர்ச்சொல்

இல்லை சுண்டல். ரோமா வேறு, அரோமானியர் வேறு. ரோமா மக்களின் மொழி நம் வட இந்திய மொழிகளுக்கு உறவு. அரோமானியரின் மொழி இலத்தீனின் பேத்தி. பெயர் ஒலிப்பு மட்டுமே ஒத்துப்போகிறது.

கடலோடி ஐயா, உங்கள் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. பெயரிலேயே தொடங்குகிறேன், ஏனென்றால் சண்டையில் பாதி பெயரில்தான் இருக்கிறது.

அவர்கள் தங்களை அர்மன், ரமன் என்று சொல்லிக்கொள்கிறார்கள். ‘ரோமானுஸ்’ என்ற இலத்தீன் சொல்லின் மரூஉ. ருமேனியர் தங்களை ‘ரொமன்’ என்பதும் அதே சொல்தான். ‘அரோமானியர்’ என்பது அறிஞர்கள் வைத்த பெயர். கிரேக்கர் அழைப்பது ‘விளாக்’ என்று. அது பழைய ஜெர்மானியச் சொல்லின் வழியில் வந்தது, இலத்தீன் பேசும் அயலான் என்று பொருள். பிரிட்டனின் வேல்ஸ், பெல்ஜியத்தின் வலோனியர் ஆகிய பெயர்களும் அதே வேரில் முளைத்தவை. கிரேக்கத்தில் இன்று ‘விளாக்’ என்றால் பட்டிக்காட்டான் என்ற ஏளனப் பொருளும் உண்டு. செர்பியர் வைத்த பெயர் ‘ட்சின்ட்சார்’. ஐந்து என்ற எண்ணை ருமேனியர் ‘சின்ச்’ என்பார்கள், இவர்கள் ‘ட்சின்ட்சி’ என்பார்கள். அந்த ஒலியைப் பிடித்துக்கொண்டு வைத்த பட்டப்பெயர் என்று விளக்கம் சொல்வதுண்டு.

உரோமப் பேரரசு பால்கனில் விட்டுப்போன இலத்தீன் நான்கு கிளைகளாகத் தப்பியது: ருமேனியம், அரோமானியம், மெக்லெனோ ருமேனியம், இஸ்ட்ரோ ருமேனியம். முதலாவதற்கு ஒரு நாடு இருக்கிறது. மற்ற மூன்றும் மலையிலும் சிறு ஊர்களிலும் ஒதுங்கிக் கிடக்கின்றன. பைசாந்திய வரலாற்று நூலில் விளாக் என்ற பெயர் 976 ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றில் தலைகாட்டுகிறது. பல்கேரிய மன்னன் சாமுவேலின் அண்ணன் டேவிட்டைக் கஸ்தோரியாவுக்கும் பிரெஸ்பாவுக்கும் நடுவே வழியில் கொன்றவர்கள் விளாக்குகள் என்று அந்தக் குறிப்பு சொல்கிறது. வரலாற்றில் நுழையும்போதே கொலைக் குற்றச்சாட்டோடு நுழைந்தவர்கள், பாவம்.

மலைப்பாதை அவர்களுடைய வாழ்க்கை. கிரேக்கத்தின் பிண்டஸ் மலைத்தொடரில் கோடை, தெசலிச் சமவெளியில் குளிர்காலம். புனித ஜார்ஜ் திருநாளை ஒட்டி ஏப்ரலில் மந்தையோடு மேலே ஏறுவார்கள், புனித தெமெத்ரியுஸ் திருநாளை ஒட்டி அக்டோபர் கடைசியில் இறங்குவார்கள். ஆடு மேய்த்தவர்கள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். கோவேறு கழுதைகளில் சரக்கு ஏற்றிக்கொண்டு பால்கனின் குறுக்கும் நெடுக்கும் போன வணிகர்களும் இவர்கள்தான்.

#4 செம்பரிதி

நல்ல விளக்கம் தோழர், ஆனால் கேட்ட கேள்வியைத் தொடாமல் போய்விட்டீர்கள். நான் நேராகச் சொல்கிறேன்: ஓட்டுநர் சொன்னதுதான் சரி. ஒரு மனிதன் தன்னை யார் என்று சொல்கிறானோ அவன் அதுதான்.

ருமேனியா என்ன செய்கிறது தெரியுமா? அந்நாட்டு அரசியலமைப்பின்படி, தேசியச் சிறுபான்மையினரின் அமைப்பு ஒன்று போதிய வாக்குகள் பெறாவிட்டாலும் நாடாளுமன்றத்தில் ஓர் இடம் உண்டு. மிகச் சிறிய சமூகங்களுக்குக்கூட உறுப்பினர் இருக்கிறார்கள். 2005 இல் அங்குள்ள அரோமானியச் சமூக அமைப்பு தங்களையும் சிறுபான்மை என்று ஏற்கக் கேட்டது. கதவு திறக்கவில்லை. காரணம், “நீங்கள் ருமேனியர்தானே, உங்கள் மொழி எங்கள் மொழியின் வட்டார வழக்குதானே” என்பது. ருமேனிய அறிவியல் கழகத்தின் நிலைப்பாடும் அதுவே. 2002 கணக்கெடுப்பில் சுமார் 25,000 பேர் தங்களை அரோமானியர் என்று எழுதினார்கள். அந்த இருபத்தைந்தாயிரம் பேரும் பொய் சொன்னார்களா?

இன்னொரு வேடிக்கை. கொன்ஸ்டன்ட்சா பக்கத்தில் இவர்களைப் பேச்சுவழக்கில் ‘மகெதோனியர்’ என்பார்கள். ஆனால் அந்நாட்டு நாடாளுமன்றத்தில் மகெதோனியருக்கென்று இருக்கும் இடம் ஸ்லாவிய மொழி பேசுபவர்களுக்கானது. ஊரார் வைத்த பெயர் இவர்களுக்கு, அந்தப் பெயரில் நாற்காலி வேறொருவருக்கு.

#5 அகிலா_திருச்சி

செம்பரிதி தம்பி, சற்று நிதானமாக. “தன்னை யார் என்று சொல்கிறானோ அவன் அதுதான்” என்பதை நானும் ஏற்கிறேன். அதே அளவுகோலைக் கிரேக்கத்திலும் வைப்பீர்களா?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் மகள் வீட்டிலிருந்து மெட்சோவோ போயிருந்தேன். பிண்டஸ் மலையில் இருக்கும் பெரிய விளாக் ஊர். கல்வீடுகள், செங்குத்தான தெருக்கள், புகையேற்றிய பாலாடைக்கட்டி. தங்கிய விடுதியின் மூதாட்டி சமையற்காரியிடம் பேசியது கிரேக்கம் இல்லை என்று மகள் சொன்னாள். “உங்கள் இனத்தவர் இங்கே சிறுபான்மையா?” என்று மகள் கேட்டதும் அந்த அம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. எங்களைக் கூடத்துக்கு அழைத்துப்போய்ச் சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தைக் காட்டினார். மெட்சோவோவில் பிறந்து எகிப்தில் செல்வம் சேர்த்த கியோர்கியோஸ் அவேரோஃப். 1896 ஒலிம்பிக் நடந்த ஏதென்ஸ் பளிங்கு அரங்கைத் தன் பணத்தில் புதுப்பித்தவர். “கிரேக்கத்தைக் கட்டியவர்கள் நாங்கள், எங்களையா சிறுபான்மை என்கிறீர்கள்?” என்பதுதான் அவருடைய பதில்.

அது வெறும் வீம்பு இல்லை. ஏதென்ஸ் அறிவியல் கழகக் கட்டடத்துக்குப் பணம் தந்த சீமோன் சீனாஸின் குடும்பம் மொஸ்கோபொலேயிலிருந்து வியன்னா போன விளாக் குடும்பம். பிரதமராக இருந்த இயோவானிஸ் கொலெட்டிஸ் சிராக்கோ என்னும் விளாக் ஊர்க்காரர். அவர்களிடம் போய் “நீங்கள் கிரேக்கர் இல்லை, உங்களை மீட்க வந்திருக்கிறோம்” என்றால் துடைப்பத்தால் அடிப்பார்கள்.

#6 கடலோடி_நாகை

அவேரோஃப் என்ற பெயரில் ஒரு போர்க்கப்பல் இருக்கிறதே அம்மா! ஏதென்ஸ் பக்கத்தில் ஃபாலிரோவில் அருங்காட்சியகமாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். பிரேயஸில் நின்றபோது போய் இயந்திர அறை வரை பார்த்திருக்கிறேன். அவருடைய உயில் பணமும் சேர்ந்து வாங்கியது என்று அங்கே சொன்னார்கள். அவர் விளாக் என்று யாரும் சொல்லவில்லை.

#7 செம்பரிதி

யாரும் சொல்லவில்லை. அதைத்தான் நானும் சொல்கிறேன்!

அகிலா அக்கா, அந்த மூதாட்டியின் கோபத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கோபம் எந்த மண்ணில் விளைந்தது என்று பாருங்கள். 1923 லொசான் உடன்படிக்கையின் பேரில் கிரேக்கம் ஏற்கும் ஒரே சிறுபான்மை திரேசிலுள்ள முஸ்லிம்கள். மொழிச் சிறுபான்மை என்ற பேச்சே அங்கே கிடையாது. 1995 இல் நௌசாவில் நடந்த விளாக் விழாவில் ஒரு கட்டடக் கலைஞர், அவரும் விளாக்தான், ஒரு துண்டறிக்கையை விநியோகித்தார். கிரேக்கத்தில் எந்தெந்தச் சிறுபான்மை மொழிகள் பேசப்படுகின்றன என்று ஐரோப்பிய அமைப்பு ஒன்று போட்ட பட்டியல், அவ்வளவுதான். பொய்ச்செய்தி பரப்பினார் என்று வழக்கு. 2001 பிப்ரவரியில் 15 மாதச் சிறைத்தண்டனை விதித்துவிட்டு நிறுத்தி வைத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டில் விடுதலை ஆனார். ஒரு பட்டியலுக்கு ஆறு ஆண்டு அலைச்சல். இதைப் பார்த்த எந்தப் பாட்டி “ஆம், நாங்கள் சிறுபான்மை” என்று வெளியூர்க்காரரிடம் சொல்வாள்?

#8 அகிலா_திருச்சி

அந்த வழக்கு வெட்கக்கேடுதான், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் அச்சம் மட்டுமே காரணம் என்பது அந்த மக்களின் புத்தியைக் குறைத்து மதிப்பிடுவது. கிரேக்கத்தோடு அவர்களுக்கிருந்த ஒட்டுறவு கிரேக்க நாடு பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

மொஸ்கோபொலே கதையைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவடையாது. இன்றைய தென்கிழக்கு அல்பேனியாவில், மலை மேல் ஒரு விளாக் ஊர். பதினெட்டாம் நூற்றாண்டில் வணிகத்தால் கொழித்தது. அச்சகம் இருந்தது, 1744 இல் ‘புதிய கல்விக்கழகம்’ எழுந்தது. ஊரார் வீட்டில் பேசியது பெரும்பாலும் அரோமானியம், கழகத்தில் கற்பித்தது கிரேக்கம். யாரும் துப்பாக்கி முனையில் திணிக்கவில்லை. வணிகத்துக்கும் தேவாலயத்துக்கும் படிப்புக்கும் கிரேக்கம்தான் மொழி, அதனால் படித்தார்கள். அங்கே ஆசிரியராக இருந்த கவாலியோட்டிஸ் 1770 இல் வெனிஸில் அச்சிட்ட பாடநூலில் கிரேக்கம், அரோமானியம், அல்பேனியம் மூன்றுக்கும் சொற்பட்டியல் உண்டு. அதே ஊரின் தானியேல் பாதிரியார் பல்கேரியத்தையும் சேர்த்து நான்கு மொழிப் பட்டியல் போட்டார், 1802 பதிப்பு. முகவுரையில் என்ன சொல்கிறார் தெரியுமா? அல்பேனியரே, விளாக்குகளே, பல்கேரியரே, உங்கள் பண்படாத பேச்சை விட்டுவிட்டுக் கிரேக்கராக ஆயத்தமாகுங்கள் என்கிறார். அதையும் மகிழ்ச்சியோடு செய்யச் சொல்கிறார்.

#9 வேர்ச்சொல்

அக்கா, அந்தத் தானியேலை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருத்தமும் சேர்ந்தே வரும். ஒரு மொழியை மறக்கவைக்க வேண்டும் என்று உட்கார்ந்து அதன் சொற்களை வரிசையாக எழுதிவைத்தார். இன்று அரோமானியத்தின் பழைய நிலையை ஆராய்பவர்கள் முதலில் புரட்டும் ஏடுகளில் அவருடையதும் ஒன்று. கொல்ல வந்தவர் பிறப்புச் சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

மொஸ்கோபொலே 1769 இல் சூறையாடப்பட்டது, பிறகும் அடி விழுந்து 1788 இல் முற்றாகச் சாய்ந்தது. இன்று சில பழைய தேவாலயங்களோடு ஒரு சிற்றூர். அங்கிருந்து சிதறியவர்கள்தான் வியன்னா, புடாபெஸ்ட், இன்றைய வடக்கு மகெதோனியாவின் பிட்டோலா, குருஷெவோ என்று எல்லா இடத்திலும் கடை போட்டார்கள். அப்படிச் சிதறியதில் ஒரு நன்மை: வியன்னாவில் 1813 இல் பொயாஜி என்பவர் முதல் அரோமானிய இலக்கணத்தை வெளியிட்டார்.

#10 சுண்டல்_பொட்டலம்

நடுவில் ஒரு சந்தேகம். இது தனி மொழியா, வட்டார வழக்கா? மலையாளத்தைத் தமிழின் வழக்கு என்று சொன்னால் நம் ஆட்களும்...

#11 மட்டுறுத்துநர்

சுண்டல், அந்தப் பக்கம் போகவேண்டாம். போன முறை அந்த இழை 400 பதிவு ஓடியது, இரண்டு பேர் இன்னும் தடையில் இருக்கிறார்கள். பால்கனிலேயே நிற்கவும்.

#12 வேர்ச்சொல்

கேள்வி நல்ல கேள்விதான், பால்கனிலேயே நின்று சொல்கிறேன்.

எண்களைப் பாருங்கள். பதினொன்றை இரண்டு மொழியும் ‘பத்தின் மேல் ஒன்று’ என்றே சொல்லும். இருபதில் பிரிகின்றன. ருமேனியர் ‘தோவஸெச்’, அதாவது ‘இரண்டு பத்து’ என்பார்கள். இலத்தீனின் பழைய ‘விகிந்தி’ அவர்களிடம் தொலைந்துவிட்டது. அரோமானியரிடம் அது ‘யிங்கிட்ஸ்’ என்று இன்னும் உயிரோடு இருக்கிறது. அதோடு நிற்கவில்லை, இருபத்தொன்றை ‘உன்ஸ்ப்ரயிங்கிட்ஸ்’, ‘இருபதின் மேல் ஒன்று’ என்று எண்ணுகிறார்கள். ருமேனியர் அப்படி எண்ணுவதில்லை. சொற்களிலும் அங்கே ஸ்லாவியம் அதிகம் ஊறியது, இங்கே கிரேக்கம். ருமேனியத் தலைநகரான புக்கரெஸ்டின் ஆள் ஒருவரை மெட்சோவோவில் இறக்கிவிட்டால் சில சொற்கள் பிடிபடும், உரையாடல் கையைவிட்டு நழுவும்.

இதையெல்லாம் அடுக்கினாலும் ‘மொழியா வழக்கா’ என்பதை இலக்கணம் தீர்மானிப்பதில்லை என்பதே என் எண்ணம். யாருக்கு எது தேவையோ அவர் அதைச் சொல்கிறார். ருமேனியாவின் 2007 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, வெளிநாட்டு ருமேனியருக்கு உதவ வந்தது, அரோமானியரையும் தன் பட்டியலில் சேர்க்கிறது. ஆக, மெட்சோவோ பாட்டி ஏதென்ஸின் கணக்கில் கிரேக்கர், புக்கரெஸ்டின் சட்டத்தில் வெளிநாட்டு ருமேனியர். பாட்டியைக் கேட்டது யார்?

#13 அகிலா_திருச்சி

இந்த இழுபறி பழையது, இரத்தமும் சிந்தியது. 1864 முதல் ருமேனியா அந்த மலைகளில் பள்ளி திறக்க ஆரம்பித்தது, முதலாவது பிட்டோலா பக்கத்து டர்னோவோவில். நூற்றாண்டு முடிவதற்குள் அது பெரிய வலைப்பின்னல். பாடமொழி பெரும்பாலும் புக்கரெஸ்ட் ருமேனியம்தான், வீட்டு அரோமானியம் இல்லை. செம்பரிதி தம்பி இதைக் கவனிக்க வேண்டும்: மீட்க வந்தவர்களும் அவர்கள் மொழியைக் கற்பிக்கவில்லை.

அப்போது அந்த மலைகளை ஆண்டது உதுமானியப் பேரரசு. 1905 மே மாதத்தில் அதன் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது விளாக்குகளைத் தனிச் சமூகமாக, ‘உல்லா மில்லெட்’ என்று ஏற்றார். மே 23 ஐ இன்றும் அரோமானியர் தம் தேசிய நாளாகக் கொண்டாடுகிறார்கள். அந்த ஆணைக்குப் பிறகு என்ன ஆயிற்று? கிரேக்க ஆயுதக் குழுக்களுக்கும் ருமேனியப் பக்கம் சாய்ந்த விளாக்குகளுக்கும் மோதல் முற்றியது, 1906 இல் இரு நாட்டு உறவே முறிந்தது. ஒரே ஊரில், ஒரே குடும்பத்தில் அண்ணன் கிரேக்கக் கட்சி, தம்பி ருமேனியக் கட்சி. பிறகு 1941 இல் இத்தாலிய ஆக்கிரமிப்பின் நிழலில் அல்கிவியாதிஸ் தியாமந்தி என்பவர் பிண்டஸில் தனி அரசு என்று கிளம்பினார். பெரும்பான்மை விளாக்குகள் அவர் பின்னால் போகவில்லை, பலர் எதிர்த்துப் போராடினார்கள். ஆனாலும் கறை ஒட்டிக்கொண்டது. கிரேக்கத்தில் ‘சிறுபான்மை’ என்ற சொல்லைக் கேட்டதும் அந்தத் தலைமுறைக்கு நினைவு வந்தது உரிமை இல்லை, அந்த ஆள்தான்.

1997 இல் ஐரோப்பிய மன்றத்தின் நாடாளுமன்றப் பேரவை அரோமானிய மொழியையும் பண்பாட்டையும் காக்கவேண்டும் என்று 1333 ஆம் எண் பரிந்துரையை நிறைவேற்றியது. அதை எதிர்த்தவர்களில் கிரேக்க விளாக் சங்கங்களே இருந்தன. இப்போது புரிகிறதா ஏன் என்று?

#14 செம்பரிதி

புரிகிறது அக்கா. தியாமந்தியைப் பற்றி எனக்குத் தெரியாமல் இருந்தது. பள்ளிகளைப் பற்றிச் சொன்னதும் என் முதல் பதிவை லேசாக அசைக்கிறது.

ஆனாலும் ஒன்றை விடமாட்டேன். வேண்டாம் என்பவர்களுக்குச் சிறுபான்மைப் பட்டம் கட்டவேண்டாம், சரி. வேண்டும் என்று மனுப் போடுபவருக்கு மறுப்பது எப்படி நியாயம்? மெட்சோவோ பாட்டியின் விருப்பத்தைக் காட்டி கொன்ஸ்டன்ட்சா ஓட்டுநரின் வாயை அடைக்கக்கூடாது.

#15 வேர்ச்சொல்

அந்த வரிக்கு என் கையெழுத்தையும் போட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்றுக்கொண்ட நாடுகளும் உண்டு. வடக்கு மகெதோனியாவின் அரசியலமைப்பு விளாக்குகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. குருஷெவோ நகராட்சியில் அரோமானியமும் ஆட்சிமொழி. 1903 இல் உதுமானியருக்கு எதிராக எழுந்து பத்தே நாள் நின்ற குருஷெவோ குடியரசு அந்த ஊரில்தான், மலையில் நின்று செத்த தளபதி பீட்டு குலி ஒரு விளாக். அல்பேனியா 2017 இல் சட்டம் போட்டு அரோமானியரைத் தேசியச் சிறுபான்மையாக ஏற்றது.

ஆனால் ஏற்பு வந்ததும் மொழி தழைத்துவிட்டதா? வடக்கு மகெதோனியாவில் 2002 இல் 9,695 பேர், 2021 இல் 8,714 பேர். யுனெஸ்கோவின் பட்டியலில் இது அழியும் ஆபத்திலுள்ள மொழி. எழுத்திலும் ஒற்றுமை இல்லை. ருமேனியம் போல் குறியிட்டு எழுதுவோர் ஒரு பக்கம், சாதாரண விசைப்பலகையில் அடிக்கும்படி ஒலிகளுக்கு இரட்டை எழுத்து போடுவோர் இன்னொரு பக்கம், கிரேக்க எழுத்தில் எழுதுவோர் வேறு. பள்ளிப் புத்தகம் போடுவதற்கு முன்பு எழுத்துச் சண்டையை முடிக்கவேண்டும்.

ஒரு மகிழ்ச்சியான செய்தியும் சொல்லிவிடுகிறேன். பால்கனின் தொடக்ககாலப் படச்சுருள்களில் ஒன்று, இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் அவ்தெலா என்னும் விளாக் மலையூரில் எடுக்கப்பட்டது. மனாகி சகோதரர்கள் லண்டனிலிருந்து வாங்கி வந்த கேமராவைத் தங்கள் பாட்டி தெஸ்பினாவின் முன் வைத்தார்கள். அவள் பாட்டுக்கு நூல் நூற்றுக்கொண்டிருக்கிறாள். அரசர், படை, திறப்புவிழா எல்லாம் பிறகு எடுத்தார்கள். முதலில் பாட்டிதான். இன்று அந்தச் சகோதரர்களை கிரேக்கமும் எங்களவர் என்கிறது, வடக்கு மகெதோனியாவும் எங்களவர் என்கிறது, ருமேனியாவும் என்கிறது.

#16 சுண்டல்_பொட்டலம்

கால்பந்து ஹாஜி, டென்னிஸ் சிமோனா ஹாலெப் இரண்டு பேரும் கொன்ஸ்டன்ட்சா பக்கத்து அரோமானியக் குடும்பங்கள் என்று இப்போதுதான் படித்தேன். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ரோமா என்று உளறியிருக்க மாட்டேன்.

#17 கடலோடி_நாகை

எல்லோருக்கும் நன்றி. ஒரு வாரமாக இழையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஓட்டுநரின் எண் என்னிடம் இருந்தது, எழுதிக் கேட்டேன். மலைக்காரர்கள் எப்படிக் கருங்கடல் கரைக்கு வந்தீர்கள் என்று.

தாத்தா கிரேக்கப் பக்கத்து மலையிலிருந்து 1920களின் பிற்பாதியில் வந்தாராம். நிலம் தருகிறோம் என்று ருமேனிய அரசு கருங்கடலோரத் தென் டொப்ருஜாவில் குடியேற்றியது. பதினைந்து ஆண்டுகூட ஆகவில்லை, 1940 இல் கிரயோவா உடன்படிக்கையில் அந்த நிலம் பல்கேரியாவுக்குத் திரும்பிப் போனது. மறுபடி மூட்டை கட்டி வட டொப்ருஜாவுக்கு. “தாத்தா இரண்டு வீடு கட்டினார், இரண்டிலும் கிழவராக வாழவில்லை” என்று எழுதியிருந்தார்.

அவர்களுக்கு ஒரு பாட்டு இருக்கிறதாம். மூதாதையர் கல்லறைக்குள்ளிருந்து சபிக்கிறார்கள்: தன் மொழியைக் கைவிடுகிறவனின் வீட்டில் பெருஞ்சாபம் விழட்டும், அவனை நெருப்பு எரிக்கட்டும் என்று. கல்யாணத்தில் எல்லோரும் எழுந்து நின்று பாடுவார்களாம்.

#18 வேர்ச்சொல்

ஆம், பெலிமாச்சே என்ற அரோமானியக் கவிஞர் 1888 இல் எழுதியது. அதுதான் அவர்களுடைய தேசியப் பாடல். நாடு இல்லாததால் எல்லைகளைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை, சாபம் மட்டுமே.

கடலோடி ஐயா, முடிந்தால் அவரை ஒன்று முதல் இருபத்தொன்று வரை எண்ணிக் குரல்பதிவு அனுப்பச் சொல்லுங்கள். அந்த ‘உன்ஸ்ப்ரயிங்கிட்ஸ்’ஐ ஏட்டில் மட்டுமே பார்த்திருக்கிறேன், காதால் கேட்டதில்லை.

#19 கடலோடி_நாகை

அனுப்பினார். வண்டியில் உட்கார்ந்து எண்ணுகிறார் போலிருக்கிறது, பக்கத்தில் அவருடைய மகள். பள்ளிக்கூடம் விட்டு அழைத்து வருகிறார் என்று நினைக்கிறேன். ஒன்று, இரண்டு என்று நிதானமாகப் போகிறது. ஐந்தில் ‘ட்சின்ட்சி’ தெளிவாகக் கேட்கிறது. பத்தொன்பது முடிந்ததும் மகள் முந்திக்கொண்டு ‘தோவஸெச்’ என்கிறாள். அவர் ‘யிங்கிட்ஸ்’ என்று திருத்துகிறார். அவள் சிரித்துக்கொண்டே மறுபடி ‘தோவஸெச்’ என்கிறாள். அவரும் சிரித்துவிடுகிறார்.

#20 வேர்ச்சொல்

அடடா. இருபத்தொன்றுக்கு வந்தாரா?

#21 கடலோடி_நாகை

வரவில்லை ஐயா. பதிவு அங்கேயே நின்றுவிட்டது.